பாறசாலை உள்சாலையில், சொல்லக் கூடாத மணத்தோடு

என் சித்திக்குக் கேரளத்தின் அதியன்னூரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. அந்த வேலைக்குப் போகலாமா, விட்டுவிடலாமா என்று முடிவு செய்வதற்காகத்தான் காலாண்டு விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் மூன்று பேர் எல்லையைத் தாண்டிப் போனோம். என் அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவர் மனைவி விஜி சித்தி, பதினோராம் வகுப்பு படிக்கும் நான். குழித்துறைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பள்ளி ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரம் போதும். இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அதனால் நான் எழுதிச் சொல்கிறேன்.

பாறசாலைக்கும் அமரவிளைக்கும் நடுவில் நெடுஞ்சாலை நெரிசலைத் தவிர்க்க ஒரு உள்சாலை உண்டு. ரப்பர்த் தோட்டங்களுக்குள் புகுந்து போகும். அதில் ஒரு வளைவு வரும்போது எங்கள் காருக்குள் ஒரு மணம் வருகிறது. இனிப்பான, கனத்த மணம். எங்கள் பக்கத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் அது பாலைப்பூ என்றுதான் நினைப்பார்கள். நினைப்பார்களே தவிர, சொல்லமாட்டார்கள். பாலைமரத்தில் யட்சி இருப்பாள் என்பது இங்கே சர்ச்சுக்குப் போகிற வீட்டுக்கும் கோயிலுக்குப் போகிற வீட்டுக்கும் பொதுவான பேச்சு. பொழுது சாயும் நேரத்தில் அந்த மணம் வந்தால், "மணம் வருது" என்று சொல்லக் கூடாது. சொன்னால் அவளைக் கூப்பிட்டதாக ஆகிவிடும். மூக்கைத் தேய்த்துக்கொண்டு, வேறு ஏதாவது பேசிக்கொண்டு, அந்த இடத்தைக் கடந்துவிட வேண்டும்.

நேர்முகத் தேர்வுக்கு ஒரு தடவை, மாதிரி வகுப்பு எடுக்க ஒரு தடவை, பள்ளி மானேஜரைப் பார்க்க ஒரு தடவை என்று சித்தப்பாவும் சித்தியும் ஏற்கெனவே அந்த வழியில் போயிருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதே வளைவில் மணம் வந்தது. ஒவ்வொரு தடவையும் சித்திக்குத் தலைவலி, தொண்டைக் கரகரப்பு, வீட்டுக்கு வந்ததும் வாந்தி. கடைசித் தடவை திரும்பும்போது களியக்காவிளையைத் தாண்டிய பிறகும், அதாவது தமிழ்நாட்டுக்குள் வந்த பிறகும், அந்த மணம் வந்திருக்கிறது. அதைத்தான் சித்தப்பாவால் தாங்க முடியவில்லை. வளைவில் இருப்பது வளைவோடு இருந்தால் போகட்டும். இது சித்தியின் பின்னால் வீட்டுக்கே வரப் பார்க்கிறது என்று பயந்தார். சித்தப்பா மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவர். எதையும் கழற்றிப் பார்த்து நம்புகிற ஆள். அவர் பயந்ததால் எனக்கும் பயமாக இருந்தது.

கிளம்பும்போது அவர் சித்தியிடம் சொன்னார்: "இந்த ஒரு தடவ போவோம். ஒண்ணும் இல்லேன்னா திங்கக்கிழம நீ ஜாயின் பண்ணு. வல்லதும் வந்துதுன்னா, பின்ன இந்த வேலப் பேச்சே எடுக்கப்பிடாது. செரியா?"

சித்தி செருப்பைப் போட்டுக்கொண்டே, "செரி" என்றார். கல்யாணத்துக்கு முன்பே எம்.எஸ்ஸி., பி.எட். முடித்தவர். கிடைத்த முதல் வேலை இது. அந்தச் "செரி"யைச் சொல்ல அவருக்கு நேரம் பிடித்தது.

காரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அதற்கு என்னைவிட வயது அதிகம். ஊட்டியில் இருந்த ஒருவரிடம் சித்தப்பா வாங்கியது. சமீப காலமாக எஞ்சின் அளவுக்கு மேல் சூடாகிறது. ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டுகூட விழுவதில்லை. ஒரு மெக்கானிக் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். இன்னொருவர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைத்துப் பிறகு திறந்துவிடுகிற சின்னக் கதவுதான் தெர்மோஸ்டாட். மூன்றாவது ஆள் ரப்பர்க் குழாய்களை மாற்றினார். ஊற்றியது எங்கே போகிறது என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றே முக்காலுக்குக் கிளம்பினோம். மானேஜர் ஐந்து மணிக்கு மேல்தான் பள்ளியில் இருப்பார். சித்தி முன்னால் இடது பக்கம், நான் பின்னால் நடுவில். சான்றிதழ்ப் பையை என் மடியில் வைத்திருந்தேன். களியக்காவிளை வரை ஏழு கிலோமீட்டர். அங்கே வெள்ளிக்கிழமைச் சந்தடியில் வண்டி நகரவில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு துணிக்கடைப் பலகையில் தமிழ் மேலே, மலையாளம் கீழே. இருபது அடி தள்ளி இன்னொரு கடையில் அது தலைகீழ். ஒரு பழக்கடைக்காரர் ஒரே வாக்கியத்தின் முதல் பாதியை எங்கள் காருக்குத் தமிழிலும் மறு பாதியை எதிரே வந்த ஆட்டோவுக்கு மலையாளத்திலும் சொன்னார். இதையெல்லாம் பார்க்க ஆசைப்பட்டுத்தான் நானும் வருகிறேன் என்று அடம்பிடித்தேன். வளைவையும் பார்க்க ஆசை இருந்தது. வீட்டில் அதைச் சொல்லவில்லை.

நெரிசலிலேயே டாஷ்போர்டில் சூடு காட்டுகிற முள் பாதியைத் தாண்டிவிட்டது. பாறசாலையில் ஒரு கடையோரம் நிறுத்திப் பழம்பொரி வாங்கினோம். சித்தி சாப்பிடவில்லை. மேகம் கறுத்து, நாலரை மணிக்கே விளக்கு வைக்கிற நேரம் போல் இருந்தது. ஒரு சொட்டு மழை இல்லை. காற்றும் இல்லை.

ரயில் பாதையைக் கடந்து உள்சாலைக்குள் திரும்பினோம். மழைக்காலம் என்பதால் ரப்பர் மரங்களுக்குப் பால் வடிகிற இடத்துக்கு மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு மரமும் இடுப்பில் சின்னப் பாவாடை கட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில். வண்டி ஓடும்போது அந்த வரிசைகள் விசிறி போல் திறந்து மூடும். முன்வரிசை பின்னால் ஓடும். தூரத்து வரிசை மட்டும் நம்மோடு கூடவே வரும். நான் அதைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு முள்ளைப் பார்த்தேன். முக்கால் பங்கு ஏறி, சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தது.

வழியில் எஞ்சின் சூடானால் காரின் ஹீட்டரை முழுதாகப் போட்டால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும், எஞ்சின் ஆறும் என்று எங்கேயோ படித்திருந்தேன். டாஷ்போர்டில் நீலத்திலிருந்து சிவப்புக்குப் போகிற ஒரு சின்ன நெம்புகோல் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் அதைத் தொட்டதே இல்லை. எங்கள் ஊர் வேர்வையில் யாருக்கு ஹீட்டர் வேண்டும்?

"சித்தப்பா, அந்தச் செவப்புப் பக்கம் தள்ளிப் பாருங்க" என்று படித்ததைச் சொன்னேன்.

"இந்த அவிச்சல்ல ஹீட்டரா? நல்ல பிள்ளதான் நீ."

"போட்டுத்தான் பாருங்களேன்" என்றார் சித்தி. "வண்டி நிண்ணு போறதவிட வேர்க்கது பரவால்ல."

நெம்புகோல் இறுகிப்போயிருந்தது. சித்தப்பா கட்டை விரலால் அழுத்தித் தள்ளினார். பிறகு விசிறியைப் போட்டார். முதலில் ஒன்றும் இல்லை. வளைவின் தொடக்கத்தில் இருந்த கல்மதிலைத் தாண்டியபோது, யாரோ என் முகத்துக்கு நேராக வந்து வாயைத் திறந்து மூச்சுவிட்டது போல் ஒரு சூடு வந்தது. ஈரமான சூடு. அதோடு அந்த மணம்.

நான் அதுவரை அதைக் கேள்விப்பட்டதுதான். இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று நினைக்கவில்லை. நாக்கில் ஒட்டியது. சித்தப்பா ஒரு கையால் தன் பக்கத்துக் கண்ணாடியை மேலே ஏற்றினார். சித்தியும் ஏற்றினார். நானும் பின்னால் இரண்டையும் ஏற்றினேன். யாரும் சொல்லித்தரவில்லை, அந்த மணம் வந்தால் எங்கள் கை தானாகவே கதவைத்தான் தேடும். வெளியே இருப்பது உள்ளே வந்துவிடக் கூடாதே.

உடனே முன் கண்ணாடி கீழேயிருந்து வெளுக்கத் தொடங்கியது. பால் ஊற்றி நிறைப்பது போல் வெள்ளை மேலே ஏறிக்கொண்டே வந்தது. சித்தப்பா வைப்பரைப் போட்டார். அது வெளியே காய்ந்த கண்ணாடியில் கரகரவென்று தேய்த்தது. வெள்ளை உள்பக்கம் இருந்தது. அவர் உள்ளங்கையால் துடைத்தார். துடைத்த இடம் தெளியாமல் எண்ணெய் தடவியது போல் குழம்பியது. ஐந்து விரலும் அப்படியே பதிந்து நின்றன. அந்த விரல்களின் இடுக்கு வழியாக ரோட்டைப் பார்த்துத்தான் அவர் வண்டியை ஓரம் கட்டினார். பானெட்டின் இரண்டு பக்கமும் ஆவி கிளம்பியது.

எஞ்சினை அணைத்ததும் தோட்டத்தின் அமைதி உள்ளே வந்தது. சித்தி அழவில்லை. கண்ணாடியில் பதிந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மணம் வந்துவிட்டது. வேலை போய்விட்டது. மூன்று பேருக்கும் அது தெரிந்திருந்தது. அதையும் யாரும் சொல்லவில்லை.

மூச்சு முட்டியதால் நாங்கள் இறங்கினோம். சித்தி காரில் எப்போதும் செருப்பைக் கழற்றி வைப்பார். வெறுங்காலோடு நாலடி நடந்து போய் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் நான் ரோட்டைப் பார்த்தேன். காய்ந்த தாரில் ஒரு காலின் தடம் மட்டும் ஈரமாகப் பதிந்திருந்தது. இடது கால். அடுத்து வலது கால் விழுந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மறுபடி இடது. ஒற்றைக் காலில் ஒருத்தி தாவித் தாவிப் போனது போல் இருந்தது.

அதை நான் மட்டும் பார்க்கவில்லை. மாட்டுக்குப் புல் அறுத்துக் கட்டாகத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு அக்கா தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு ஏறியிருந்தார். பெயர் சரோஜம் என்று பிறகு சொன்னார். புல்லை இறக்கி வைக்காமலேயே தடத்தைப் பார்த்தார், சித்தியின் காலைப் பார்த்தார்.

"காலு எங்ஙன நனஞ்சு மக்கா? மழ பெய்யல்லியே."

"தெரியல்ல அக்கா" என்றார் சித்தி.

"வெள்ளம் வேணுமா? வண்டி தெளைக்குது போல."

"வேணும். தண்ணி இப்பம் ஊத்த முடியாது, ஆறணும்" என்றார் சித்தப்பா.

சரோஜம் அக்கா காரின் திறந்த கதவருகே வந்தார். அவர் மூக்கு லேசாக விரிந்தது. நான் அவரைக் கவனித்துக்கொண்டே இருந்தேன். அவர் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை எடுத்து வாயையும் மூக்கையும் துடைத்துக்கொண்டு, "இந்தத் தடவ நேந்திரங்காய்க்கு வெலையே இல்ல, கேட்டியளா?" என்றார். எங்கள் வீட்டில் செய்வதை அப்படியே ஒரு அயலாரும் செய்தார்.

"இஞ்ச பால மரம் ஒண்ணும் காணல்லியே அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏ பிள்ளே!" என்று சித்தப்பா அதட்டினார்.

சரோஜம் அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னார்: "நிண்ணுது. ரோட்டுக்கு அகலம் கூட்டினப்ப வெட்டியாச்சு. எனக்கக் கல்யாணத்துக்கு முன்ன." பிறகு வீட்டுக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடத்தைத் திருப்பி வாங்க அவர் நிற்கவில்லை. மதில் மேல் வைத்துவிடச் சொன்னார்.

அரை மணி நேரம் காத்திருந்தோம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், தயவுசெய்து யாரும் திறக்காதீர்கள். நான் அந்த நேரத்தில் சித்தியின் இருக்கைக்குக் கீழே கை வைத்துப் பார்த்தேன். கால் மிதியடியின் இடது ஓரம் நனைந்து ஊறிக் கிடந்தது. வலது பக்கம், சித்தப்பாவின் காலடியில், காய்ந்த மண். பிறகு கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்தேன். வீட்டிலிருந்து பதினைந்து. போன தடவை திரும்பும்போது களியக்காவிளை தாண்டி மணம் வந்ததே, அது பள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டேன். அதுவும் பதினைந்து, பதினாறு. யட்சி எங்களை வளைவில் வந்து பிடிக்கவில்லை, எங்களோடு சேர்ந்துதான் கிளம்பியிருக்கிறாள் என்று தோன்றியது. அது முதலில் நிம்மதியாக இல்லை. அதிகப் பயமாகத்தான் இருந்தது.

சித்தப்பா வீட்டுக்குத் திரும்பலாம் என்றார். ஆனால் வீடு பதினைந்து கிலோமீட்டர்; அமரவிளை மூன்று கிலோமீட்டர். குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு அமரவிளைக்கே ஊர்ந்து போனோம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு தகரக் கூரைப் பட்டறை. மெக்கானிக்கின் பெயர் பினு. சித்தப்பாவின் வயதுதான் இருக்கும். அவர் மலையாளத்தில் கேட்க, சித்தப்பா தமிழில் சொல்ல, நாலாவது வாக்கியத்தில் இருவரும் நடுவில் ஒரு மொழியில் சந்தித்துக்கொண்டார்கள்.

வண்டி எங்கே வாங்கியது, இதுவரை என்னென்ன மாற்றியது என்பதையெல்லாம் பினு அண்ணன் கேட்டுக்கொண்டார். எஞ்சின் ஆயில் பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இல்லை. புகைக் குழாயில் வெள்ளைப் புகை இல்லை. அப்படி ஏதாவது இருந்தால் எஞ்சினுக்குள் தண்ணீர் கசிகிறது என்று அர்த்தமாம், அது பெரிய செலவாம். "தெர்மோஸ்டாட் பின்னெயும் போயிருக்கும். கழத்தி மாத்தலாம்" என்றார். பிறகு எங்களைப் பார்த்து, "வேற வல்லதும் உண்டா? சத்தம், வேற என்னமாவது?"

"வேற ஒண்ணுமில்ல" என்றார் சித்தப்பா.

சித்தி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதே கேள்வியை மார்த்தாண்டத்தில் மூன்று மெக்கானிக்குகளும் கேட்டிருப்பார்கள். மூன்று பேரிடமும் சித்தப்பா இதையேதான் சொல்லியிருப்பார். அது எனக்கு அந்த நொடியில்தான் உறைத்தது. வெளியே விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. சொல்லக் கூடாத நேரம்.

"மணம் வருது அண்ணா" என்றேன்.

"எலே, வாய மூடு!" என்றார் சித்தப்பா. என்னை அவர் 'எலே' என்று கூப்பிட்டதே இல்லை.

பினு அண்ணனின் கை பானெட்டுக்குள் அப்படியே நின்றது. அவரும் இந்த ஊர்க்காரர்தானே. "என்ன மணம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பாலப்பூ மணம். வண்டிக்கு உள்ள. கண்ணாடி உள்ளப் பக்கம் வெளுக்குது. சித்திக்க எடது காலு நனையுது."

அவர் பட்டறை வாசலைத் திரும்பிப் பார்த்தார். ஒரு பஸ் போயிற்று. அந்த நேரத்தில்தான் சித்தி நகர்ந்தார். காரின் முன் கதவைத் திறந்து, குனிந்து, மிதியடியை விரலால் அழுத்தினார். விரலை விரலோடு தேய்த்தார். விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பச்சை நிறம் லேசாகத் தெரிந்தது. முகர்ந்தார். முதல் முறையாக, மூக்கை மூடாமல், வேண்டுமென்றே.

"இது பூ இல்ல" என்றார். "கிளைக்கால்னு ஒரு கெமிக்கல். கூலன்ட்டுல உள்ளது. இனிச்ச மணம், வழுவழுப்பு. நான் லேப்ல எத்தன தடவ தொட்டிருக்கேன். எனக்கே தோணல்ல பாருங்க."

பினு அண்ணன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். "எனக்கச் சேச்சி! ஹீட்டராக்கும்! ஊட்டி வண்டியில்லா இது! ஹீட்டர் ஓட்டையாயி, வெள்ளம் உள்ள ஒழுகுது." பிறகு சித்தப்பாவிடம், "மணம் உண்டுன்னு ஒரு வாக்கு சொல்லியிருந்தா மொத மெக்கானிக்கே கண்டுபிடிச்சிருப்பான் அண்ணா."

சித்தியின் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "ஒங்க கடைக்குக் கம்ப்யூட்டர் கொண்டு வாறவன், என்ன ஆச்சுன்னு கேட்டா வாயத் தொறக்காம நிண்ணா, நீங்க என்ன செய்வியோ?"

"திட்டுவேன்" என்றார் சித்தப்பா, பாவமாக.

புரியாதவர்களுக்காக: டாஷ்போர்டுக்குப் பின்னால் புத்தகம் அளவில் ஒரு சின்ன ரேடியேட்டர் இருக்கும். எஞ்சினின் சூடான கூலன்ட் அதற்குள் ஓடும். விசிறி அதன் மேல் காற்றடித்துக் காருக்குள் சூடு கொடுக்கும். அதுதான் ஹீட்டர். அது ஓட்டையானால் கூலன்ட் காருக்குள்ளேயே கசியும், அதனால்தான் அடியில் சொட்டவில்லை. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வந்து அழுத்தம் ஏறிய பிறகுதான் கசியும், அதனால்தான் எப்போதும் பதினைந்தாவது கிலோமீட்டர். கண்ணாடியை ஏற்றி மூடினால் ஆவி முழுவதும் உள்ளேயே சுற்றும். அதைத்தான் நாங்கள் பயத்தில் ஒவ்வொரு தடவையும் செய்துகொண்டிருந்தோம்.

பினு அண்ணன் ஹீட்டருக்குப் போகிற குழாயையும் வருகிற குழாயையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்து, ஹீட்டரைச் சுற்றை விட்டே தள்ளிவைத்தார். மிதியடியைப் பிடுங்கி எடுத்துப் பட்டறையிலேயே போட்டோம். கூலன்ட் நிரப்பி, கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டார். முள் பாதிக்குக் கீழே ஏறி அங்கேயே நின்றது. கூலியும் கூலன்ட்டும் சேர்த்து 750 ரூபாய்.

சித்தி மானேஜரை அழைத்து வண்டி நின்றுபோனதைச் சொன்னார். ஆறரை வரை இருப்பேன் என்று அவர் சொன்னதால் பிழைத்தோம். சித்தி உள்ளே போய்விட்டுப் பத்து நிமிடத்தில் வந்தார். படியிலிருந்தே, "திங்கக்கிழம, எட்டே முக்கால்" என்றார்.

திரும்பும்போது நெடுஞ்சாலையிலேயே போகலாம் என்றார் சித்தப்பா. சித்தி உள்சாலைதான் வேண்டும் என்றார். நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, இருட்டில் அந்த வளைவுக்கு வந்தோம். விளக்கு வெளிச்சத்தில் மதில் தெரிந்தது. அதன் மேல் நாங்கள் வைத்த குடம் இல்லை. மணம் இல்லை. மண் வாசனை மட்டும்தான்.

வளைவைத் தாண்டிய பிறகு சித்தப்பா மெதுவாகச் சொன்னார்: "ஒரு காரியம் அங்க வெச்சு நான் சொல்லல்ல, விஜி. மொத தடவ நாம வந்தோமில்லியா, இண்டர்வியூவுக்கு. அண்ணைக்கு வண்டியில கூலன்ட் இல்ல. வெறும் கெணத்து வெள்ளமாக்கும் கெடந்தது. அதுக்குப் பெறவுதான் மெக்கானிக்கு கூலன்ட் ஊத்தினான்."

வெறும் தண்ணீருக்கு மணம் கிடையாது. அது எனக்கே தெரியும். பின் இருக்கையில் என் பக்கத்துக் கண்ணாடியை ஏற்றலாமா என்று கை துடித்தது. ரப்பர் வரிசைகள் விளக்கு வெளிச்சத்தில் திறந்து மூடிக்கொண்டிருந்தன. சித்தி என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். இந்த ஒரு வார்த்தையில் எல்லாம் பழையபடி ஆகிவிடலாம்.

"அப்பம் அண்ணைக்கு வந்தது எதுன்னு எனக்கும் தெரியும்" என்றார் சித்தி. "வந்தா வரட்டும். எனக்கு எட்டே முக்காலுக்கு பெல்லு. கார் ஓடல்லேன்னா பஸ்ல போவேன்."

சித்தப்பா கியரை மாற்றினார். அதற்குப் பிறகு வீடு வரை நேந்திரங்காய் விலையைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை. முள் பாதிக்கு மேல் ஏறவே இல்லை.

பழைய காரில் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டவை. களியக்காவிளை நெரிசல் மாலை நாலு மணிக்கு மேல் கூடும், மதியமே கடந்துவிடுங்கள். பாறசாலை உள்சாலையில் கடை எதுவும் கிடையாது, ஐந்து லிட்டர் தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். எஞ்சின் சூடானால் ஹீட்டரைப் போடும் யோசனை நல்லதுதான். ஆனால் உள்ளே இனிப்பு மணமும், கண்ணாடியில் பிசுக்கான வெண்மையும், காலடியில் ஈரமும் சேர்ந்து வந்தால் ஹீட்டரையும் விசிறியையும் அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, வண்டியை நிறுத்துங்கள். மலை ஊர்களிலிருந்து வந்த பழைய வண்டி என்றால் அதில் ஹீட்டர் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். மெக்கானிக் "வேறு ஏதாவது உண்டா" என்று கேட்டால், உங்களுக்கு அது வெட்கமாகவோ பயமாகவோ இருந்தாலும், பொழுது சாய்ந்த நேரமாகவே இருந்தாலும், சொல்லிவிடுங்கள்.

சித்தி வேலைக்குப் போகத் தொடங்கி ஒரு மாதம் ஆகப்போகிறது. காலையில் சித்தப்பா காரில் கொண்டுவிடுகிறார். மாலையில் பாறசாலையில் வீடு உள்ள ஒரு டீச்சரின் ஸ்கூட்டரில், அதே உள்சாலை வழியாக பாறசாலை வரை வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்கிறார். ஸ்கூட்டரில் ஹீட்டர் கிடையாது. வீட்டுக்கு வந்து விடைத்தாள் கட்டைப் பிரித்து உட்கார்ந்ததும், சித்தப்பா கடையை அடைத்துவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்பார். இப்போதெல்லாம் சத்தமாகவே கேட்கிறார்.

"மணம் உண்டா?"

பெரும்பாலும் "இல்ல" என்பார் சித்தி. சில நாள், சிவப்புப் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமலேயே, மழை பெய்ததா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொல்வார்:

"இண்ணைக்கு உண்டு."